உங்க கண்டுபிடிப்பை ஏஐ எழுதித் தருமா? காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அக்டோபர் மாதத்தில் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? குடவாசல் பக்கம் வரும்போது சாலையில் பாதி, நெல் காயவைக்கும் களமாகியிருக்கும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வந்து மோதும் மாதம் அது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை அதிகமான சில ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. ஆனால், அந்த உத்தரவு வரும் வரை குவியலில் கிடக்கும் நெல் சும்மா இருக்காது, முளைவிட ஆரம்பித்துவிடும்.

இந்தப் பிரச்சினைக்கு வயசு அதிகம். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வகமாகத் தொடங்கியதுதான் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம். ஈர நெல்லைக் காப்பாற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. இன்றைக்கு தஞ்சாவூரில் இருக்கும் ‘நிஃப்டெம்’ என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, இதற்கும் ஏஐக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கற்பனை உதாரணத்தோடு ஆரம்பிப்போம்.

ஒரு பட்டறை, ஒரு ஸ்பிரிங்

குடவாசலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், டிராக்டர் டிரெய்லர் மேலேயே ஒரு நெல் உலர்த்தியைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உமி அடுப்பிலிருந்து சூடான காற்று, ஓட்டை போட்ட தகடு வழியாக நெல்லுக்குள் போகும். இதில் வழக்கமான சிக்கல் ஒன்று உண்டு. கீழே இருக்கும் நெல் காய்ந்து நொறுங்கும், மேலே இருப்பது ஈரமாகவே நிற்கும். அதனால் பாதி வழியில் காற்றின் திசையை மேலிருந்து கீழாக மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றுவது? நம்ம பட்டறைக்காரர் இங்கேதான் ஒரு வேலை செய்கிறார். 1 டன் நெல் 22 சதவீத ஈரப்பதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு வந்தால், சுமார் 60 கிலோ தண்ணீர் வெளியேறியிருக்கும். அவ்வளவு எடை குறையும். அவர் தகட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வைக்கிறார். சுமார் 30 கிலோ குறைந்ததும் ஸ்பிரிங் மேலே எழும்பி, ஒரு கம்பியை இழுத்து, காற்றின் திசையை மாற்றும் மடலைத் திருப்பிவிடுகிறது. இந்த மடலுக்கு கரண்ட் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மகள், ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் விவரத்தைச் சொல்லி காப்புரிமை விண்ணப்பம் எழுதச் சொல்கிறார். அரை மணி நேரத்தில் 55 பக்கம் ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. பார்த்தால் பெரிய கம்பெனி விண்ணப்பம் மாதிரியே இருக்கிறது. ஊருக்கு போன் போட்டு, தமிழில் படித்துக் காட்டுகிறார்.

“எடை உணரியிலிருந்து வரும் சிக்னலைப் பெற்று, மைக்ரோகன்ட்ரோலர் மோட்டாரை இயக்க, மடல் திறக்கிறது...”

“இரும்மா, மோட்டாரா? நான் எங்க மோட்டார் வச்சேன்? கரண்ட் போனாலும் ஓடணும்னுதானே ஸ்பிரிங் வச்சேன்!”

“அப்பா, ஏஐ அப்படித்தான் எழுதியிருக்கு...”

“அப்ப அது வேற யாரோட மிஷினைப் பத்தியோ எழுதியிருக்கும்மா.”

கதை கற்பனைதான். ஆனால், இந்தத் தவறு ஏஐ ஏஜென்ட்களை வைத்து தொழில்நுட்ப ஆவணம் எழுதும் யாருக்கும் நடக்கக்கூடியது. ஏன் என்று புரிந்துகொள்ள, முதலில் அந்த ஆவணம் என்ன என்று பார்க்கலாம்.

அது என்ன ‘ஸ்பெசிஃபிகேஷன்’?

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். “என் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்கிறேன். பதிலுக்கு 20 ஆண்டுகள் என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது” என்பதுதான் அரசோடு நீங்கள் போடும் ஒப்பந்தம். எழுதிக் கொடுக்கும் அந்த ஆவணம்தான் ஸ்பெசிஃபிகேஷன், தமிழில் விவரக்குறிப்பு.

இந்தியாவில் இந்த வழக்கம் 1856-ல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் டிபென்னிங் என்பவர் அந்த ஆண்டு மார்ச் 3 அன்று கொடுத்ததுதான் முதல் விண்ணப்பம். எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு!

இப்போது நடைமுறையில் இருப்பது 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். அதன் 10-வது பிரிவு, விவரக்குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முக்கியமானவை மூன்று.

- கண்டுபிடிப்பையும், அது இயங்கும் விதத்தையும் முழுமையாக, நுணுக்கமாக விவரிக்க வேண்டும்.
- அதைச் செய்வதற்கு உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையைச் சொல்ல வேண்டும்.
- கடைசியில் ‘கிளெய்ம்’ எழுத வேண்டும். “இதிலிருந்து இதுவரை என்னுடையது” என்று வேலி போடும் வாக்கியங்கள் இவை.

நிலத்துக்குப் பத்திரம் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு வடக்கே என்று நான்கு எல்லை எழுதுவோமே, கிளெய்ம் அந்த மாதிரிதான். எல்லையில் ஒரு வார்த்தை தப்பினால், நிலம் உங்கள் கையில் இருந்தும் பத்திரம் உதவாது.

சாட்பாட் வேறு, ஏஜென்ட் வேறு

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மாதிரியான சாட்பாட்டிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். ஏஜென்ட் என்பது அதற்கு அடுத்த படி. ஒரு பெரிய வேலையைக் கொடுத்தால், அதைத் தானே சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்துக்கொண்டு, தேவையான கருவிகளைப் பயன்படுத்தி, முடித்துக் கொடுக்கும்.

காப்புரிமை வேலையில் இது இப்படி நடக்கும். ஒரு ஏஜென்ட் உங்கள் குறிப்பையும் படங்களையும் படிக்கும். இன்னொன்று காப்புரிமைத் தளங்களில் இதே மாதிரி ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று தேடும். மற்றொன்று கிளெய்ம்களை எழுதும். அடுத்தது அந்தக் கிளெய்ம்களுக்கு ஏற்ப விளக்கத்தை எழுதும். கடைசியாக ஒன்று பாக எண்கள், பெயர்கள் எல்லாம் ஆவணம் முழுக்க ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். ஒரு அலுவலகத்தில் ஐந்து பேர் செய்யும் வேலை மாதிரி.

இது ஏன் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்றும் புரிகிறது. 2023-24 நிதியாண்டில் இந்தியாவில் 92 ஆயிரத்துக்கும் அதிகமான காப்புரிமை விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பம் கொடுக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. ஆனால், இதை நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. காப்புரிமை முகவராக வேண்டுமென்றால் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், அரசு நடத்தும் தேர்விலும் தேற வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஒரு முகவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

எங்கே சறுக்குகிறது?

*1. அது ‘வழக்கமான’தை எழுதும்.* ஏஐ மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான ஆவணங்களைப் படித்து, அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கின்றன. ‘எடை குறைந்தால் மடல் திரும்ப வேண்டும்’ என்றால், நவீன ஆவணங்களில் பெரும்பாலும் வருவது லோடு செல்லும் மைக்ரோகன்ட்ரோலரும்தான். அதனால் அது அந்தப் பக்கம் சாயும். ஆனால், காப்புரிமை கிடைப்பது வழக்கத்துக்கு மாறான விஷயத்துக்கு. ஏற்கெனவே எல்லோரும் எழுதிவைத்த ஒன்றாக இருந்தால் அது கண்டுபிடிப்பே கிடையாது. இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. உங்கள் மெஷினில் எது புதுசோ, அதைத்தான் ஏஐ அறியாமல் வழுவழுப்பாகத் தேய்த்துவிடும் ஆபத்து அதிகம்.

*2. செய்யாத சோதனைக்கு எண் போடும்.* விவரக்குறிப்பில் வெப்பநிலை, நேரம், அளவு எல்லாம் வரும். நீங்கள் சொல்லாமல் விட்டால், ஏஐ “40 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை” என்று தாராளமாக ஒரு வீச்சைப் போட்டுவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், விதை நெல்லை 43 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலே முளைப்புத்திறன் பாதிக்கும். வேகமாகச் சூடேற்றினால் அரிசியில் வெடிப்பு விழுந்து, ஆலையில் குருணையாகப் போகும். 120 டிகிரியில் இந்த உலர்த்தி நல்ல அரிசி தருமா என்று யாராவது செய்து பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அந்த வரி உங்கள் கையெழுத்தில் போகும் பொய். தவறான தகவல் கொடுத்துப் பெற்ற காப்புரிமையை ரத்து செய்யவும், விவரம் போதாத காப்புரிமையை ரத்து செய்யவும் சட்டத்தின் 64-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

*3. வேலியை ஊர் முழுக்கப் போடும்.* “எந்தவொரு உணரி மூலமும், எந்தவொரு தானியத்துக்கும், காற்றின் திசையை மாற்றும் எந்தவொரு அமைப்பும்” என்று கிளெய்ம் எழுதுவது ஏஐக்கு ரொம்பப் பிடிக்கும். பெருசாகக் கேட்டால் பெருசாகக் கிடைக்கும் என்று தோன்றும். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

மின்விளக்கு இழைக்கு சாயர், மேன் என்ற இருவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் செய்து பார்த்தது காகிதத்தைக் கரியாக்கிய இழை. ஆனால், கேட்டதோ ‘நார்த்தன்மை கொண்ட எல்லாப் பொருளுக்கும்’. எடிசன் தரப்பு ஆயிரக்கணக்கான தாவர வகைகளைச் சோதித்து, ஒரு வகை மூங்கில்தான் சிறப்பாக நிற்கிறது என்று கண்டுபிடித்தது. வழக்கு வந்தபோது, 1895-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாயர்-மேன் கிளெய்ம் அளவுக்கு மீறி அகலமானது என்று சொல்லித் தள்ளிவிட்டது. தெரிந்ததற்கு மட்டும் வேலி போடுங்கள் என்ற பாடம் 130 ஆண்டுகள் ஆகியும் மாறவில்லை.

*4. இல்லாத ஆதாரத்தைக் காட்டும்.* 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. காப்புரிமை எண்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஏஐ இதே மாதிரி இட்டுக்கட்டலாம். அது காட்டும் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

‘பிறகு திருத்திக்கலாம்’ என்பது நடக்குமா?

நடக்காது. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த பிறகு திருத்தம் செய்யலாம். ஆனால், 59-வது பிரிவின்படி கிளெய்மைக் குறுக்கலாம், பிழையைச் சரிசெய்யலாம், விளக்கலாம், அவ்வளவுதான். தாக்கல் செய்த நாளில் ஆவணத்தில் இல்லாத புது விஷயத்தை உள்ளே கொண்டுவர முடியாது.

நம்ம உதாரணத்துக்கு வாருங்கள். மகள் அந்த 55 பக்கத்தை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? ஆவணத்தில் மோட்டார் இருக்கும், ஸ்பிரிங் இருக்காது. ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங்கைச் சேர்க்க முடியாது. விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும். அதற்குள் யாராவது ஸ்பிரிங் வைத்த உலர்த்தியைச் செய்து விற்றால், பட்டறைக்காரர் கையில் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. தன் கண்டுபிடிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

லோடு செல் வைத்த வடிவத்தை எழுதவே கூடாது என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங்கை முதன்மையாக எழுதிவிட்டு, இரண்டாவது வழியாக அதையும் சேர்த்தால் வேலி பலமாகும். ஆனால், அந்த முடிவை எடுப்பது மெஷினைத் தெரிந்த மனிதராக இருக்க வேண்டும்.

அப்போ ஏஐ எதற்குத்தான் உதவும்?

நிறைய உதவும். முதல் உதவி மொழி. காப்புரிமை விதிகளின்படி ஆவணங்கள் இந்தி அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் தாக்கல் செய்ய முடியாது. 30 வருஷம் இரும்போடு பழகி, ஒவ்வொரு வெல்டிங்குக்கும் காரணம் சொல்லத் தெரிந்த ஒருவர், ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுத முடியாததாலேயே வெளியே நிற்கிறார். அவர் தமிழில் வாய்ஸ் நோட்டாகப் பேசினால் போதும், அதை ஒழுங்கான ஆங்கில வரைவாக ஏஜென்ட் மாற்றிக் கொடுக்கும். டெல்டாவில் இருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

ஆனால், தன்னால் படிக்க முடியாத ஆவணத்தில்தான் அவர் கையெழுத்துப் போடப் போகிறார். அதனால் எதிர்த்திசையிலும் ஒருமுறை போக வேண்டும். ஆங்கில வரைவை வேறொரு கருவியில் கொடுத்து மறுபடி தமிழுக்குக் கொண்டுவாருங்கள். மெஷின் பக்கத்தில் நின்று வரிவரியாக வாசியுங்கள். மோட்டார் அங்கேதான் மாட்டும்.

இரண்டாவது உதவி தேடல். பாதி வழியில் காற்றின் திசையை மாற்றும் நெல் உலர்த்திகள் வியட்நாமின் மேகாங் டெல்டாவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஹோ சி மின் நகரிலுள்ள நோங் லாம் பல்கலைக்கழகம் அவற்றை உருவாக்கியது. குடவாசலில் இருப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பல மொழிகளில் தேடும் ஏஜென்ட் இதை எடுத்துக் கொடுத்தால் பெரிய லாபம். ‘திசையை மாற்றுவது’ புதுசு இல்லை, ‘எடை குறைவதால் ஸ்பிரிங் தானே திருப்புவது’தான் புதுசாக இருக்கலாம் என்று உடனே புரிந்துவிடும். அப்போது கிளெய்மும் சரியான இடத்தில் விழும்: “நெல் தட்டின் எடை குறையும்போது மேலெழும் ஸ்பிரிங், இணைப்புக் கம்பி வழியாக, மின்சாரம் இல்லாமல் காற்று மடலைத் திருப்பும் அமைப்பு.” கூகுள் பேடன்ட்ஸ், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய தளங்களில் நீங்களும் இலவசமாகத் தேடிச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது உதவி, கேள்வி கேட்க வைப்பது. “எழுதிக் கொடு” என்று ஆரம்பிக்காதீர்கள். “இதைப் பற்றி என்னிடம் 40 கேள்வி கேள், ஒவ்வொன்றாகக் கேள், எதையும் ஊகிக்காதே” என்று சொல்லுங்கள். முதல் மெஷினில் என்ன கோளாறு வந்தது? எதை மாற்றினீர்கள்? ஏன் மாற்றினீர்கள்? டிரெய்லர் சாய்வாக நின்றால் ஸ்பிரிங் ஏமாந்துவிடும், அதற்காக நாலு மூலையிலும் ஜாக்கி வைத்தேன் என்பார் பட்டறைக்காரர். உமித்தூசு அடைத்தது, அதனால் ஸ்பிரிங்கைச் சுற்றி தார்ப்பாய் கட்டினேன் என்பார். சட்டம் கேட்கும் ‘மிகச் சிறந்த முறை’ இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. எந்த ஏஐயும் அதைப் படித்திருக்காது, ஏனென்றால் அது இதுவரை எங்கேயும் எழுதப்படவே இல்லை.

எதற்கெல்லாம் காப்புரிமை கிடைக்காது?

ஏஐ எவ்வளவு அழகாக எழுதினாலும், சட்டத்தின் 3-வது பிரிவு சிலவற்றை வெளியே வைக்கிறது. நம்ம ஊருக்கு முக்கியமானவை:

- விவசாய முறைகள். நாற்று நடும் புது முறைக்குக் கிடைக்காது. ஆனால், நடும் இயந்திரத்துக்குக் கிடைக்கலாம்.
- செடிகள், விதைகள். புதிய நெல் ரகத்துக்கு 2001-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.
- வெறும் கணினி நிரல், அல்காரிதம்.
- பாரம்பரிய அறிவு. மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கு நீங்கள் காப்புரிமை கேட்க முடியாது.

கடைசி விஷயத்தில் நமக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. மஞ்சளை வைத்துப் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் அம்மாக்கள் காலங்காலமாகச் செய்வதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால், காப்புரிமை அலுவலகம் கேட்பது எழுத்து ஆதாரம். இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும், 1953-ல் வெளியான ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டிய பிறகுதான், 1997-ல் அது ரத்தானது. அதன் பிறகு, 2001-ல் பாரம்பரிய அறிவுக்கான மின்நூலகம் ஒன்றை இந்தியா உருவாக்கத் தொடங்கியது. சித்த மருத்துவத் தமிழ் நூல்களும் அதில் இருக்கின்றன.

ஏஐயைக் கண்டுபிடிப்பாளர் என்று போடலாமா?

ஸ்டீஃபன் தேலர் என்ற அமெரிக்கர் பல நாடுகளில் இதைச் செய்து பார்த்தார். தன்னுடைய ‘டேபஸ்’ என்ற ஏஐதான் கண்டுபிடிப்பாளர் என்று விண்ணப்பித்தார். தென்னாப்பிரிக்கா 2021-ல் காப்புரிமை கொடுத்தது. ஆனால், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் மறுத்துவிட்டது. கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றது.

ஏஐயை எழுதும் கருவியாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். அதற்குத் தடை இல்லை. ஆனால், பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க காப்புரிமை அலுவலகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொன்னது. ஏஐ எழுதியிருந்தாலும், கையெழுத்துப் போடுபவர்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஸ்டேட்டஸ் போட்டுவிட்டீர்களா?

விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டால், ‘புதுமை’ போய்விடும். நீங்களே வெளியிட்டாலும் இதே கதிதான். சில விதிவிலக்குகள் இருந்தாலும் அவை மிகக் குறுகலானவை. மெஷின் ஓடும் வீடியோவை ரீல்ஸில் போடுவது, யூடியூப் சேனலுக்குப் பேட்டி கொடுப்பது எல்லாம் விண்ணப்பித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச ஏஐ கருவிகளிலும் கவனம் தேவை. நீங்கள் கொடுக்கும் தகவலைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவோம் என்று சிலவற்றின் விதிமுறைகளில் இருக்கும். செட்டிங்ஸில் அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால், உங்கள் கண்டுபிடிப்பின் மையப் பகுதியை அதில் போடாதீர்கள்.

நீளமாக எழுதினால் காசு போகும்

ஏஐக்குப் பக்கக் கணக்கு கிடையாது, காப்புரிமை அலுவலகத்துக்கு உண்டு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். இதில் 30 பக்கமும் 10 கிளெய்மும் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160 ரூபாய், ஒவ்வொரு கிளெய்முக்கும் 320 ரூபாய்.

நம்ம உதாரணத்தில் 55 பக்கமும் 24 கிளெய்மும் வந்திருந்தால்? கூடுதல் 25 பக்கத்துக்கு 4,000 ரூபாய், கூடுதல் 14 கிளெய்முக்கு 4,480 ரூபாய். ஆக, 1,600-ல் முடிய வேண்டியது 10,080 ஆகிவிடும். ஆய்வு செய்யக் கோரும் கட்டணம் தனிநபருக்கு 4,000 ரூபாய். அது தனி.

என்ன வரிசையில் செய்யலாம்?

1. முதலில் மெஷின் பக்கத்தில் நின்று தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். தோற்றுப்போன முயற்சிகளையும் சொல்லுங்கள்.
2. படம் வரையுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுங்கள்.
3. ஏஜென்ட்டைக் கேள்வி கேட்க விடுங்கள். தெரியாததற்கு “தெரியாது” என்றே சொல்லுங்கள்.
4. அது எழுதிய வரைவில், நீங்கள் சொல்லாத ஒவ்வொரு எண்ணையும் பாகத்தையும் தனியாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் நீக்குங்கள் அல்லது செய்து பார்த்து உறுதிப்படுத்துங்கள்.
5. மறுபடி தமிழுக்கு மாற்றி, மெஷினோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.
6. அவசரம் என்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடியுங்கள். முழு ஆவணத்தைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. ஆனால், முக்கியமான விஷயம் இந்தத் தற்காலிக ஆவணத்திலேயே இருக்க வேண்டும். இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது.
7. கிளெய்ம்களை மட்டுமாவது ஒரு பதிவு பெற்ற காப்புரிமை முகவரிடம் காட்டுங்கள்.
8. ஆய்வுக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். படிப்பறிவு அதிகம் இல்லாத கிராமப்புறக் கண்டுபிடிப்பாளர்களுக்கு, குஜராத்தில் இருக்கும் தேசியப் புத்தாக்க நிறுவனம் காப்புரிமை பெற உதவுகிறது. ஸ்டார்ட்-அப்களுக்கு, முகவர் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

நம்ம கதையில் அந்த மகள் அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார். லேப்டாப்பைத் திறக்கும் முன், போனில் ரெக்கார்டரை ஆன் செய்து ஸ்பிரிங் பக்கத்தில் வைக்கிறார்.

“அப்பா, முதல்ல இருந்து சொல்லுங்க. இதை ஏன் இங்க வச்சீங்க?”

இந்தக் கேள்விக்கான பதிலை எழுதிக் கொடுக்க ஏஐ ஏஜென்ட் போதும். ஆனால், அந்தப் பதில் முதலில் அப்பா வாயிலிருந்து வர வேண்டும்.